வீக்கத்துக்கு வழங்கிய பெயர்கள்: ஆங்கில மருத்துவச் சொல்வழக்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனித உடலிலே தோன்றும் நோய்க்குறிகளுள் மிக எளிதாகக் கண்ணுக்குப் புலப்படுவது வீக்கமாகும். நாடி பார்க்கத் தெரியாதவனும், மருத்துவ நூலொன்றையேனும் அறியாதவனும், தன் உடலில் ஓரிடம் பருத்திருப்பதைக் கண்டுகொள்வான். அதற்கு ஒரு பெயரும் இடுவான். எனவே ஒரு மொழியில் வீக்கத்துக்கு வழங்கும் சொற்கள், மருத்துவர் வருவதற்கு முன்பே அம்மொழியில் இடம்பெற்றிருத்தல் இயல்பு. மருத்துவர் வந்தபின் அதே வீக்கத்துக்கு வேறு பெயர்கள் வழங்கத் தொடங்குகின்றன. நோயாளியின் சொல்லும் மருத்துவரின் சொல்லும் எப்பொழுது, எவ்வாறு, எக்காரணத்தாற் பிரிந்தன என்பது வெறும் சொல்லாராய்ச்சி சார்ந்த வினாவன்று. அது சமூக வரலாறு சார்ந்த வினாவுமாகும்.

ஆங்கில மொழி இவ்வினாவை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற களமாகும். வீக்கத்தைக் குறிக்க அம்மொழியில் வழங்கும் சொற்கள் மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளன. 'ஸ்வெல்', 'பொயில்', 'வென்', 'பிளெயின்' போன்ற செர்மானியச் சொற்கள் அடியிலே உள்ளன. பிரெஞ்சு வழியாகவும் நேரடியாகவும் வந்த 'டியூமர்' முதலிய இலத்தீன் சொற்கள் அதற்கு மேலே உள்ளன. 'எடிமா', 'பியூபோ' முதலிய கிரேக்கச் சொற்கள் யாவற்றுக்கும் மேலே அமர்ந்துள்ளன. மருத்துவத்தின் உயர்சொற்கள் கிரேக்கமாகவும் இலத்தீனாகவும் இருப்பது அறிவியலின் இயல்பினால் நேர்ந்தது என்று பலரும் கருதுவர். வரலாற்றை நோக்குமிடத்து அக்கருத்து முழுமையானதன்று என்பது தெளிவாகும்.

பழைய ஆங்கில மருத்துவம்

இங்கிலாந்தில் நோர்மானியர் ஆட்சி ஏற்படுவதற்கு முன்னர் வழங்கிய மொழி பழைய ஆங்கிலம் எனப்படும். மேற்கு ஐரோப்பாவிலே பெரும்பாலான மருத்துவ நூல்கள் இலத்தீனில் எழுதப்பெற்ற அக்காலத்தில், ஆங்கிலேயர் தம் தாய்மொழியிலேயே மருத்துவ நூல்களை ஆக்கினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவற்றுட் சிறப்பானது பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பெற்றதாகக் கருதப்படும் பால்ட் என்பவரின் மருத்துவ ஏடாகும். அது இன்று பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றது. தலையில் தொடங்கிக் காலில் முடியும் ஒழுங்கில் நோய்களையும் அவற்றுக்குரிய மருந்துகளையும் அந்நூல் கூறுகின்றது. கிரேக்க, இலத்தீன் மருத்துவ அறிவு அதில் நிறைந்திருப்பினும், அவ்வறிவு உள்நாட்டுச் சொற்களிலேயே தரப்பட்டுள்ளது.

பழைய ஆங்கிலத்தில் வீங்குதலைக் குறித்த வினைச்சொல் 'ஸ்வெல்லன்' என்பதாகும். இன்றைய 'ஸ்வெல்' அதன் வழிவந்ததே. ஜேர்மன் மொழியிலுள்ள 'ஷ்வெல்லென்', ஒல்லாந்த மொழியிலுள்ள 'ஸ்வெல்லென்', பழைய நோர்ஸ் மொழியிலுள்ள 'ஸ்வெல்லா' ஆகியன இதன் உடன்பிறப்புகள். இவ்வினையடியிலிருந்து 'யெஸ்வெல்' என்னும் பெயர்ச்சொல்லும் பழைய ஆங்கிலத்தில் வழங்கியது. வீக்கம், கழலை ஆகியவற்றை அது குறித்தது. உடலில் நீர் தேங்கி வயிறும் கால்களும் வீங்கும் நிலையைக் குறிக்க 'நீர்ப்புடைப்பு', 'நீர்நோய்' எனப் பொருள்படும் கூட்டுச்சொற்கள் இருந்தன. கட்டியைக் குறித்த பழைய சொல்லே இன்று 'பொயில்' என வழங்குகின்றது. அதன் தற்கால வடிவம், கொதித்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வழிவந்த வினைச்சொல்லின் செல்வாக்கினால் மாறியமைந்தது. ஒலியிலும் எழுத்திலும் இன்று ஒன்றாகத் தோன்றும் அவ்விரு சொற்களும் பிறப்பில் வேறுபட்டவை. கொப்புளத்தைக் குறித்த 'பிளெயின்' என்னும் சொல் இன்று தனித்து வழங்காது, குளிர்நாடுகளிற் கைகால் விரல்கள் கடுங்குளிரினாற் சிவந்து வீங்குவதைக் குறிக்கும் 'சில்பிளெயின்' என்னும் கூட்டுச்சொல்லில் மட்டும் உயிர்வாழ்கின்றது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், எகிப்துக்கு நேர்ந்த ஆறாவது வாதையைக் கூறுமிடத்து இவ்விரு சொற்களும் அருகருகே இடம்பெறுகின்றன.

கழலையைக் குறித்த 'வென்' என்னும் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டு ஏடொன்றிற் காணப்படும் மந்திரப் பாடலொன்று, கழலையை உயிருள்ள ஒன்றாக விளித்து, இவ்வுடலிற் குடியேறாது அயலிலுள்ள குன்றுக்கு அகன்று செல்லுமாறும், படிப்படியாகச் சிறுத்து ஒன்றுமில்லாது ஒழியுமாறும் பணிக்கின்றது. மருந்தும் மந்திரமும் பிரியாதிருந்த ஒரு சமூகத்தில், நோயை அதன் பெயர் சொல்லி அழைப்பதே அதனை அடக்கும் வழியாகக் கருதப்பட்டது. நோயாளி, மருத்துவன், மந்திரம் சொல்பவன் ஆகிய மூவரும் நோயை ஒரே பெயரால் அழைத்தனர் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

வீக்கம் என்னும் கருத்தினின்று கிளைத்த சொற்கள்

வீங்குதல் என்பது நோயை மட்டும் குறித்த கருத்தன்று. பருமை, வலிமை, நிறைவு ஆகியவற்றையும் பண்டை மக்கள் அக்கருத்தினூடாகவே எண்ணினர். மொழியியலாளர் மீட்டமைத்துள்ள இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில், வீங்குதல் என்னும் பொருளுடைய வேர்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றிலிருந்து இலத்தீனில் வீங்குதலைக் குறிக்கும் 'துமேரே' என்னும் வினையும், அதன் வழியாக 'துமோர்' என்னும் பெயரும், மண்மேட்டைக் குறிக்கும் 'துமுலுஸ்' என்பதும் பிறந்தன. கிழங்கையும் புடைப்பையும் குறிக்கும் 'தூபெர்' என்னும் இலத்தீன் சொல்லும் அவ்வேரைச் சார்ந்ததே.

அதே வேர் செர்மானிய மொழிகளில் வேறு வடிவம் பெற்றது. பெருவிரலைக் குறிக்கும் 'தம்' என்னும் ஆங்கிலச் சொல், பருத்த விரல் என்னும் அடிப்படைப் பொருளுடையது. தமிழர் அதனைப் பெருவிரல் என்றழைத்தமையும் இத்தகைய நோக்கினாலேயாம். தொடையைக் குறிக்கும் 'தை' என்னும் ஆங்கிலச் சொல் காலின் பருத்த பகுதியைச் சுட்டுகின்றது. ஆயிரத்தைக் குறிக்கும் 'தௌசண்ட்' என்பது 'பெருத்த நூறு' என்னும் பொருளில் அமைந்த பழங்கூட்டுச்சொல் என்று மொழிவரலாற்றாசிரியர் விளக்குவர்.

வீங்குதலைக் குறித்த மற்றொரு வேர், காற்றோ பொருளோ நிறைந்து உப்பிய பையைக் குறிக்கும் சொற்களை ஈன்றது. வயிற்றைக் குறிக்கும் 'பெலி', கொல்லனின் துருத்தியைக் குறிக்கும் 'பெலோஸ்' ஆகிய இரண்டும் பழைய ஆங்கிலத்திற் பையைக் குறித்த ஒரே சொல்லின் கிளைகள். கடலில் எழும் பேரலையைக் குறிக்கும் 'பிலோ' என்பது அதே வேரிலிருந்து நோர்ஸ் மொழி வழியாக வந்தது. கெல்த்தியரிடமிருந்து இலத்தீன் பெற்ற, தோற்பையைக் குறிக்கும் 'புல்கா' என்னும் சொல், பிரெஞ்சு மொழியினூடாக ஆங்கிலத்தை அடைந்து, புடைப்பைக் குறிக்கும் 'பல்ஜ்' ஆயிற்று. அப்பிரெஞ்சுச் சொல்லின் சிறுமை வடிவம் சிறிய தோற்பையைக் குறித்தது. அதுவே, அரசின் வரவு செலவுத் திட்டத்தைக் குறிக்கும் 'பட்ஜெட்' என்னும் சொல்லாகும். வயிறும் துருத்தியும் கடலலையும் அரசின் நிதித்திட்டமும் ஒரே வேரில் இணைந்துள்ளமை, மக்கள் தம் உடலைக் கொண்டே உலகை அளந்தனர் என்பதைக் காட்டுகின்றது.

நோர்மானியர் வருகையும் கற்றோர் மொழியும்

1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவை, நீதிமன்றம், உயர்குடி ஆகியவற்றின் மொழியாகப் பிரெஞ்சு அமர்ந்தது. கோயிலும் கல்வியும் இலத்தீனின் ஆட்சிக்கு உட்பட்டன. பழைய ஆங்கிலத்தில் மருத்துவ நூல் எழுதும் மரபு படிப்படியாக அற்றுப்போயிற்று. 'ஸ்வெல்' என்னும் வினை உழவனின் வாயிலே தங்கிற்று. ஆயினும் 'யெஸ்வெல்' என்னும் பெயர்ச்சொல் மறைந்தது. 'நீர்நோய்' எனப் பொருள்பட்ட சொற்களும் மறைந்தன. அவற்றின் இடத்தை, நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்து, இலத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றினூடாக வந்து, முதலசை தேய்ந்து குறுகிய 'ட்ரொப்சி' என்னும் சொல் பெற்றது. சொல் மாறிற்றேயன்றிப் பொருள் மாறவில்லை. பழைய சொல்லும் நீரைக் கூறிற்று. புதிய சொல்லும் நீரையே கூறிற்று. ஆனாற் பழைய சொல்லிற் பொதுமக்கள் நீரைக் கண்டனர். புதிய சொல்லில் அதனைக் காண அவர்களால் இயலவில்லை.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் இலத்தீனிற் கற்பிக்கப்பட்டது. 1518ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னனின் ஆணையால் இலண்டனில் மருத்துவர் கல்லூரி நிறுவப்பட்டது. அதனை நிறுவ முன்னின்றவரான தோமஸ் லினாக்கர், காலனின் கிரேக்க நூல்களை இலத்தீனில் மொழிபெயர்த்த பேரறிஞர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான காலன், இயற்கைக்கு மாறான வீக்கங்கள் பற்றித் தனிநூல் ஒன்றை எழுதியிருந்தார். திரட்சியைக் குறிக்கும் 'ஒங்கோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை அவர் ஆண்டார். அந்நூலின் இலத்தீன் பெயரிலே அது 'துமோர்' ஆயிற்று. புற்றுநோயியலைக் குறிக்கும் 'ஒன்கொலொஜி' என்னும் இன்றைய சொல் அவ்வொங்கோஸினின்றே பிறந்தது.

இக்காலத்திற் கிரேக்கச் சொற்களும் பெருகின. வீங்குதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து பிறந்தது 'எடிமா'. பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களில் அது எவ்வகை வீக்கத்தையும் குறித்தது; பின்னரே நீர் கோத்த வீக்கத்துக்கு உரியதாயிற்று. சொபொக்கிளிஸ் நாடகமாக்கிய ஈடிபஸ் மன்னனின் பெயர் 'வீங்கிய காலன்' என்னும் பொருளுடையது. பிறந்தவுடன் கால்கள் துளைத்துக் கட்டப்பட்டுக் கைவிடப்பட்ட குழந்தையின் கதையை அப்பெயரே சுமந்து நிற்கின்றது. அரையிடுக்கைக் குறித்த கிரேக்கச் சொல் அவ்விடத்தில் தோன்றும் கட்டிக்கும் பெயராகிப் 'பியூபோ' என ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. 1348இல் இங்கிலாந்தை அடைந்த பெருங்கொள்ளை நோய்க்கு அக்கட்டியே பிற்காலத்திற் பெயராக அமைந்தது. தமிழில் அதற்குரிய அரையாப்பு என்னும் சொல்லும் உடலின் அதே இடத்தைச் சுட்டி நிற்றல் ஒப்புநோக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பும் கடன்பெறலும்

மேற்கூறிய மாற்றம் தவிர்க்க முடியாததாக இருந்ததா என்னும் வினாவுக்கு ஜேர்மன் மொழி விடை தருகின்றது. அங்கும் பல்கலைக்கழகங்களின் மொழி இலத்தீனே. ஆயினும் நோர்மானியர் வெற்றி போன்றதொரு முறிவு அங்கு நேரவில்லை. 1527ஆம் ஆண்டிலேயே பராசெல்சுஸ் பாசல் நகரில் ஜேர்மன் மொழியில் மருத்துவ விரிவுரை நிகழ்த்திக் கற்றோரின் பகையைத் தேடிக்கொண்டார். நீர்நோய்க்கு ஜேர்மானியர் 'வாஸர்ஸூக்ட்' என்னும் தம் சொல்லையே வழங்கினர். அதன் முற்பகுதி நீரைக் குறிப்பது.

நண்டைக் குறிக்கும் 'கான்செர்' என்னும் இலத்தீன் சொல் கொடிய கட்டிக்குப் பெயரானமைக்குக் காரணம், அதைச் சூழ்ந்து புடைத்த நாளங்கள் நண்டின் கால்களை ஒத்திருந்தமையே எனக் காலன் விளக்கினார். ஜேர்மானியர் அவ்வுவமையை விளங்கிக்கொண்டு, நண்டுக்குத் தம் மொழியிலுள்ள 'கிரெப்ஸ்' என்னும் சொல்லையே நோய்க்கும் பெயராக்கினர். ஆங்கிலேயர் இலத்தீன் சொல்லையே மும்முறை கடன்பெற்றனர். வட பிரெஞ்சு வழக்கின் வழியாக வந்தது 'கங்கர்'; பிற்காலப் பிரெஞ்சு வழியாக வந்தது 'ஷங்கர்'; நேரே இலத்தீனிலிருந்து வந்தது 'கான்சர்'. முதலாவது புண்களையும் மரநோயையும், இரண்டாவது பாலியல் நோய்ப் புண்ணையும், மூன்றாவது புற்றுநோயையும் குறிக்கலாயின. மூன்றினுள் எதிலும் ஆங்கிலேயன் நண்டைக் காண்பதில்லை. தமிழர் இவ்விரு வழிகளையும் நாடாது, புற்று என்னும் தமது உவமையைக் கையாண்டனர். வெளியே மண் குவிந்து உள்ளே துளைத்துச் செல்லும் கறையான் புற்றை நோக்க, அவ்வுவமையின் பொருத்தம் புலனாகும்.

மக்கள் மொழியில் மருத்துவம்

இங்கிலாந்திலும் இந்நிலை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. 1530களிற் சேர் தோமஸ் எலியட் என்பவர் உடல்நலம் பேணல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். மருத்துவர் அதனைக் குறைகூறியபொழுது, கிரேக்கர் கிரேக்கத்திலும் உரோமர் இலத்தீனிலும் எழுதியதுபோல் ஆங்கிலேயன் ஆங்கிலத்தில் எழுதுதல் தவறன்று என அவர் வாதித்தார். 1649ஆம் ஆண்டு நிக்கலஸ் கல்பெப்பர், மருத்துவர் கல்லூரியின் இலத்தீன் மருந்துநூலை அக்கல்லூரியின் இசைவின்றி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். மன்னன் முதலாம் சாள்ஸ் கொல்லப்பட்ட அதே ஆண்டில் இம்மொழிபெயர்ப்பும் வெளிவந்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அரசனின் தனியுரிமையைப் போன்றே மருத்துவரின் தனியுரிமையும் அக்காலத்திற் கேள்விக்குள்ளாயிற்று. மருந்தின் பெயரை அறிந்தவன் மருந்தைத் தேடிக்கொள்வான் என்பதே கல்பெப்பரின் நோக்கம். அதுவே கல்லூரியின் சினத்துக்கும் காரணமாயிற்று.

மருத்துவரின் மொழி விளங்காத மக்கள் நாடிய மற்றொரு வழியையும் வீக்கத்தின் பெயரொன்று காட்டுகின்றது. கழுத்திலுள்ள சுரப்பிகள் மாலைபோல் வீங்கும் நோயைத் தமிழர் கண்டமாலை என்பர். இலத்தீனில் அது பெண்பன்றியைக் குறிக்கும் சொல்லின் சிறுமை வடிவாகிய 'ஸ்க்ரோபுலா' என்னும் பெயரைப் பெற்றது. ஆங்கில மக்கள் அதனை 'அரசனின் நோய்' என்றழைத்தனர். முடிசூடிய மன்னன் தொட்டால் அது நீங்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. இரண்டாம் சாள்ஸ் மன்னன் தன் ஆட்சிக்காலத்தில் 90,000க்கும் மேற்பட்டோரைத் தொட்டதாகக் கணக்கிடப்படுகின்றது. 1712ஆம் ஆண்டு ஆன் அரசியார் தொட்ட குழந்தைகளுள் ஒருவர், பின்னாளிற் பேரகராதி இயற்றிய சாமுவேல் ஜோன்சன் ஆவார். தொடுகையால் அவர் நோய் நீங்கவில்லை. ஆனின் பின் ஆட்சிக்கு வந்த முதலாம் ஜோர்ஜ் அவ்வழக்கத்தைக் கைவிட்டார். அந்நோய் பெரும்பாலும் காசநோயின் ஒரு வகையே என்பது பின்னர் அறியப்பட்டது. காசநோயின் ஆங்கிலப் பெயராகிய 'டியூபர்குலோசிஸ்' என்பதும், சிறு புடைப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டதே. பன்றி, அரசன், புடைப்பு எனப் பெயர் மாறி வந்த அந்நோயின் உண்மைக் காரணமாகிய கிருமியை 1882இல் றொபேட் கொக் கண்டறிந்தார்.

1755ஆம் ஆண்டு வெளிவந்த ஜோன்சனின் அகராதி 'டியூமர்' என்னும் சொல்லுக்கு நோயால் நேரும் வீக்கம் என்று பொருள் தருவதோடு, போலி ஆடம்பரம் என்னும் பொருளையும் தருகின்றது. செருக்கையும் வெற்றுரையையும் வீக்கமாகக் காண்பது அக்கால வழக்கு. அவ்வழக்குப் பின்னும் நீடித்தது. 1820களில் வில்லியம் கொபெட், நாட்டுப்புறத்தின் வளத்தை உறிஞ்சிப் பருத்த இலண்டன் மாநகரைப் 'பெருங்கழலை' எனப் பழித்தார். அவர் எடுத்தாண்ட சொல், இலத்தீன் 'டியூமர்' அன்று. மந்திரப் பாடலில் விளிக்கப்பட்ட பழைய 'வென்' என்பதே. உழவரை நோக்கி எழுதியவருக்கு உழவரின் சொல்லே உதவிற்று.

அறிவியல் வளர்ச்சியும் சொற்பொருள் வரையறையும்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, கிரேக்க இலத்தீன் சொற்களால் ஆங்கில மருத்துவம் பெற்ற பயன் யாதுமில்லை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சொற்களுக்குப் புதியதொரு பணி வாய்த்தது.

'ட்ரொப்சி' ஒரு தனிநோயாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 1785ஆம் ஆண்டு வில்லியம் விதரிங், 'பொக்ஸ்குளோவ்' என்னும் செடியின் இலை அந்நோயாளர் சிலருக்குப் பயன்படுவதைத் தம் நூலில் விளக்கினார். சிலருக்குப் பயன்பட்ட மருந்து ஏனையோருக்குப் பயன்படாமை ஏன் என்பது, இதயம் பற்றிய அறிவு வளர்ந்தபின் தெளிவாயிற்று. அம்மருந்து இதயத்திலே தொழிற்படுவது. 1827இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட், நீர்வீக்கமுற்ற நோயாளர் பலரது சிறுநீரிற் புரதம் கலந்திருப்பதையும், அவர்தம் சிறுநீரகங்கள் சிதைந்திருப்பதையும் காட்டினார். இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகிய வெவ்வேறு உறுப்புகளின் கேட்டினால் ஒரே வகை வீக்கம் தோன்றலாம் என்பது இவ்வாறு தெளிந்தது. அதன் பயனாக 'ட்ரொப்சி' என்னும் நோய்ப்பெயர் வழக்கிறந்தது. வீக்கம் நோயன்று, நோயின் குறியே என்பதை உணர்த்த 'எடிமா' என்னும் சொல் நிலைபெற்றது.

'டியூமர்' என்பதற்கும் இவ்வாறே நேர்ந்தது. செம்மை, வெம்மை, நோவு ஆகியவற்றோடு வீக்கத்தையும் அழற்சியின் குறிகளுள் ஒன்றாக முதலாம் நூற்றாண்டினரான செல்சுஸ் வகுத்தபொழுது 'துமோர்' என்றே குறித்தார். சீழ்க்கட்டி, தசைத் திரட்சி, கொடிய புற்று ஆகிய யாவும் அச்சொல்லில் அடங்கின. 1838ஆம் ஆண்டு ஜோகன்னஸ் முல்லர் நுணுக்குக்காட்டியின் துணையால் கழலைகளின் நுண்ணமைப்பை ஆராய்ந்து, அவையும் கலங்களால் ஆனவை எனக் காட்டினார். அவர் மாணவராகிய ருடொல்ப் விர்க்கோவ் அவ்வாராய்ச்சியை விரிவாக்கினார். இதன்பின் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் திரட்சி மட்டுமே 'டியூமர்' எனப்படலாயிற்று. அன்றாட வழக்கில் வேரூன்றாத சொல்லாதலால், அதன் பொருளைச் சுருக்குதல் ஆங்கில மருத்துவர்க்கு எளிதாயிற்று எனக் கூறலாம்.

ஆனால் இங்கும் ஜேர்மன் மொழியின் சான்று கருதத்தக்கது. விர்க்கோவ் 1863 முதல் 1867 வரை வெளியிட்ட பெருநூலின் பெயரிற் கழலைகளைக் குறிப்பது 'கெஷ்வுல்ஸ்ட்' என்னும் சொல்லின் பன்மை வடிவமாகும். அது 'ஷ்வெல்லென்' என்னும் வினையடியிற் பிறந்தது; பழைய ஆங்கிலத்தில் மறைந்துபோன 'யெஸ்வெல்' என்பதன் உறவுச்சொல். ஆங்கிலேயர் இழந்த சொல்லின் உறவைக் கொண்டு, அத்துறையின் தலைசிறந்த ஆராய்ச்சிகளுள் ஒன்றை ஜேர்மானியர் எழுதினர். ஜேர்மன் மருத்துவர் 'டூமோர்' என்னும் இலத்தீன் சொல்லையும் வழங்குவர். அதனைத் தீண்டத்தகாததாக அவர்கள் ஒதுக்கவில்லை. ஆயினும் தாய்மொழிச் சொல் அறிவியற் பொருளைத் தாங்கவல்லது என்பதற்கு விர்க்கோவின் நூல் போதிய சான்றாகும். திட்பம் என்பது சொல்லின் பிறப்பினாலன்று, அதனை ஆள்வோர் வகுக்கும் வரையறையினாலேயே அமைகின்றது.

தமிழ்ச் சூழலில் இவ்வரலாற்றின் பொருத்தம்

ஆங்கில மருத்துவம் ஈழத்துத் தமிழரை அடைந்தபொழுது இதே வினா எழுந்தது. அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றினார். 1860களில் அவர் மருத்துவக் கல்வியைத் தமிழிற் புகட்டத் தொடங்கினார். 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. சொல்லாக்கத்துக்குரிய மூன்று வழிகளை இந்நூற்பெயர்களே காட்டுகின்றன. முதலாவதில் மக்களிடையே வழங்கிய சொல்லும், இரண்டாவதில் வடமொழியிலிருந்து ஆக்கிய சொல்லும், மூன்றாவதில் தமிழ் வடிவம் பெற்ற அயற்சொல்லும் இடம்பெற்றுள்ளன. கிறீன் 1873இல் நாடு திரும்பியபின் அம்முயற்சி நீடித்து வளரவில்லை. 1870இல் நிறுவப்பட்ட கொழும்பு மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. இலங்கையின் மருத்துவ பீடங்களில் இன்றும் ஆங்கிலமே போதனா மொழியாக உள்ளது.

தமிழில் வீக்கத்துக்குச் சொற்பஞ்சம் இல்லை. வீக்கம், புடைப்பு, அதைப்பு, கட்டி, கழலை, கொப்புளம், பரு, பிளவை, அரையாப்பு, கண்டமாலை, கூகைக்கட்டு என வழங்கும் பெயர்கள் பல. ஆங்கிலத்தைப் போன்றே தமிழிலும் அடுக்குகள் உண்டு. பெருவயிறு என மக்கள் கூறியதை, அதே பொருளுடைய மகோதரம் என்னும் வடசொல்லாற் கற்ற வைத்தியர் குறித்தனர். எனவே நோயாளிக்கும் மருத்துவனுக்கும் இடையே சொல்லால் ஏற்பட்ட பிரிவு ஆங்கிலத்தோடு வந்ததன்று. ஆங்கிலம் அதனை மேலும் அகலமாக்கிற்று.

இன்று கட்டி என்னும் ஒரே சொல் சீழ்க்கட்டிக்கும், கொடிதல்லாத கழலைக்கும், புற்றுக்கும் வழங்குகின்றது. 1838க்கு முன்னர் 'டியூமர்' இருந்த நிலை இதுவேயாகும். தன் உடலில் இருப்பது எத்தகைய கட்டி என்பதை அறியாத நோயாளி, அஞ்சத் தகாததற்கு அஞ்சலாம். அஞ்சவேண்டியதைப் புறக்கணித்துக் காலந்தாழ்த்தலாம். சொல்லின் தெளிவின்மையால் விளையும் தீங்கு ஏட்டளவில் நில்லாது உயிரையும் தொடுகின்றது. இக்குறையைத் தீர்க்க 'டியூமர்' என்பதைத் தமிழெழுத்தில் எழுதுதல் மட்டும் போதாது. நோயின் குறியை வீக்கம் எனவும், நீர் கோத்த நிலையை நீர்வீக்கம் எனவும், கலப்பெருக்கத்தாலாகும் திரட்சியைக் கழலை எனவும், அவற்றுட் கொடியதைப் புற்று எனவும், சீழ் கொண்டதைச் சீழ்க்கட்டி எனவும் வரையறுத்து, கற்பிக்குமிடத்தும் நோயாளியோடு உரையாடுமிடத்தும் மாறாது வழங்குவதே வேண்டற்பாலது. மருத்துவ மாணவர் 'டியூமர்', 'எடிமா' ஆகிய சொற்களை அறிந்திருத்தலுக்கு இது தடையாகாது. ஜேர்மானியர் இரண்டையும் அறிந்தேயிருந்தனர்.

ஆங்கிலத்தில் வீக்கத்துக்கு வழங்கும் சொற்களின் வரலாறு இருவகைப் பிரிவுகளைக் காட்டுகின்றது. ஒன்று, ஆட்சியும் கல்வியும் அயல்மொழிக்கு உரியனவானமையால் நேர்ந்த பிரிவு. அதனால் மக்கள் தம் நோயின் பெயரை இழந்தனர். மற்றது, அறிவு நுட்பமடைந்தமையால் ஒன்றெனக் கருதப்பட்டது பலவாகப் பகுக்கப்பட்ட பிரிவு. அதனால் மருத்துவம் வளர்ந்தது. இவ்விரண்டும் ஆங்கிலத்திற் கலந்து நிகழ்ந்தமையால், முன்னதைப் பின்னதன் விலையாகக் கருதும் வழக்கம் உண்டாயிற்று. அவ்விலையைக் கொடாமலே அறிவைப் பெறலாம் என்பதை ஜேர்மன் மருத்துவ வரலாறு மெய்ப்பிக்கின்றது. கிறீன் மானிப்பாயிலே தொடங்கிவைத்த பணியைத் தொடர விரும்புவோர் கருத்திற் கொள்ளவேண்டிய உண்மை இதுவேயாகும்.